ஊசிக்கு அடியில் இருந்த எண்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் புலி அந்துப்பூச்சிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கட்டுரை நேற்று இரவு வெளிவந்தது. தூக்கம் பிடிக்கவில்லை, விடிந்ததும் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடந்த ஆறு வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்து பார்த்தீர்கள். அதை மறுபடி கிளற மனமில்லை. "இது ஏற்கெனவே பெயர் வைத்த இனமாக இருந்துவிட்டால்?" என்று கட்டுரையின் மதிப்பாய்வாளர் கேட்ட கேள்விக்கு விடை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

அவர் மனதில் இருந்தது, பக்கத்து மலைத்தொடரில் இருந்து நூறு ஆண்டுக்கும் முன்னால் ஒருவர் விவரித்த இனம். விவரிப்பில் இருந்ததெல்லாம் சிறகின் நிறமும் புள்ளிகளும்தான். புலி அந்துகளில் சிறகை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட ஆர்க்டியா காஜா என்ற புலி அந்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் கோலம் இன்னொன்றில் அப்படியே இருக்காது. அதனால் வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, ஆண் உறுப்பின் கொக்கிகளையும் மடல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதி. பழைய இனத்தின் மூல மாதிரிக்கோ, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த பூச்சிக்கோ, வயிறே இல்லை. அதன் படத்தில் மார்போடு உடல் முடிந்துபோயிருந்தது. நம் பூச்சியின் மரபணுப் பட்டை, அதாவது இனத்தை அடையாளம் காண உதவும் 658 எழுத்து டி.என்.ஏ. துண்டு, கையில் இருந்தும், ஒப்பிட அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. இரண்டும் ஒன்று என்றால் நம் பெயர் வெறும் மறுபெயராகப் போய்விடும், அதில் தவறும் இல்லை. ஒன்றா இரண்டா என்று தெரியாமலே நிற்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த மாதிரி இருக்கும் சேகரிப்புக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். அந்துப்பூச்சிப் பிரிவில் அப்போது ஆள் இல்லை. கடிதம் வண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் பெயரை இங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. இது என் துறை இல்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போய் இழுப்பறையைத் திறந்திருக்கிறார்.

பழைய ஊசி. பச்சைக் களிம்பு ஏறி, தொட்டால் முறிந்துவிடும் நிலை. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சீட்டுகள். மேலிருந்து பார்த்தால் முதல் சீட்டு மட்டும்தான் முழுதாகத் தெரியும். கீழே உள்ளவற்றைப் படிக்க வழக்கமாகச் சீட்டுகளை ஊசியிலிருந்து உருவ வேண்டும். அவர் உருவவில்லை. பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, நீண்ட காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி, அதில் ஒன்றைக் கொண்டுவந்து ஊசிக்கு அடியில் நீட்டிப் பார்த்திருக்கிறார். கடைசிச் சீட்டின் முதுகில், பென்சிலில், நான்கு இலக்க எண் ஒன்று. கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்ததைப் படமெடுத்து, திருப்பிப் போட்டு, எனக்கு அனுப்பினார்.

அதோடு விட்டிருந்தாலும் பெரிய உதவிதான். அந்த எண் ஸ்லைடு எண்ணாக இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அடுத்த நாள் தன் வேலை முடிந்த பிறகு பழைய பேரேட்டைப் புரட்டி, இன்னொரு அறையில் இருந்த பெட்டியில் அந்த ஸ்லைடைக் கண்டுபிடித்துவிட்டார். யாரோ எப்போதோ அந்த வயிற்றை எடுத்து, பதப்படுத்தி, கண்ணாடிக்கு நடுவே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டுப் பசை தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது.

படம் வந்தபோது இரவு பதினொன்றரை. என் திரையில் ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் நம்முடையது. பழையதில் மடலின் நுனி மழுங்கி உருண்டிருக்கிறது. நம் பூச்சியில் அதே இடத்தில் உள்பக்கமாக வளைந்த ஒரு கொக்கி, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நம்மிடம் இருந்த ஒவ்வோர் ஆணிலும் அது இருக்கிறது. ஒரு முறை பார்த்தேன், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

மற்றவர்களை ஒரே பத்தியில் அடக்குவதற்கு மன்னியுங்கள். ஜெனரேட்டரையும், விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் உட்கார விரிக்கும் வெள்ளைத் துணியையும் முகடு வரை சுமந்து வந்தவர்கள், மூடுபனியில் நடுநிசி தாண்டியும் விளக்கை அணைக்க விடாதவர்கள், அனுமதிக் கடிதங்களைத் தாமதமில்லாமல் பார்த்துக் கொடுத்தவர்கள், கம்பளிப்புழுக்களுக்கு மாதக்கணக்கில் இலை மாற்றிய மாணவர்கள், மரபணுப் பட்டையை இரண்டு முறை எடுத்துச் சரிபார்த்தவர்கள், பெயரின் இலத்தீன் இலக்கணத்தைத் திருத்தியவர். அந்தக் கடினமான கேள்வியைக் கேட்ட மதிப்பாய்வாளருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நம் கட்டுரை அரைகுறையாகத்தான் வந்திருக்கும்.

மலைமுகட்டுப் பூச்சிகளைப் பற்றி இந்த வாரம் நிறைய யோசித்தேன். குளிர்ந்த உச்சியில் வாழும் பூச்சிக்குக் கீழே இருக்கும் வெப்பமான பள்ளத்தாக்கு கடல் மாதிரி. உயர மலைப் புலி அந்துகள் சிலவற்றில் பெண்ணுக்குச் சிறகு குறுகிப்போய், பறக்கவே முடியாது. அப்படிப்பட்டது அடுத்த முகட்டுக்கு எப்படிப் போகும்? தலைமுறை தலைமுறையாகப் பிரிந்தே இருந்து, கடைசியில் ஒரு சின்னக் கொக்கியளவு வேறாகிவிடுகிறது. அந்த வித்தியாசத்தைப் பார்க்க நமக்கு ஒரு முகட்டில் விளக்கும், வேறொரு கண்டத்தில் ஒரு கண்ணாடித் தகடும், இரண்டையும் சேர்க்க முகம் தெரியாத ஒருவரின் மாலை நேரமும் தேவைப்பட்டது.

இனி நான் செய்யும் எந்த ஸ்லைடின் எண்ணும் சீட்டின் மேல்பக்கத்தில், அழியாத மையில் இருக்கும். பேரேட்டிலும் இருக்கும். நம் மூல மாதிரி பொதுச் சேகரிப்புக்குப் போய்விட்டது. அதைப் பற்றி எந்த மாணவர், எங்கிருந்து கேட்டாலும், என் துறை இல்லாத கேள்வியாகவே இருந்தாலும், நான் போய் இழுப்பறையைத் திறப்பேன்.

இணையாசிரியராகச் சேரச் சொன்னோம், அந்த அம்மையார் மறுத்துவிட்டார். அவர் பெயரைப் பூச்சிக்கு வைக்கலாமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். புலி அந்துகளை ஊசியில் குத்தித்தான் பார்த்திருக்கிறாராம், உயிரோடு பின்சிறகு தெரிய ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நம்மிடம் இருப்பவை எல்லாம் துணியில் உட்கார்ந்திருக்கும் படங்கள். முன்சிறகு மூடியிருப்பதால் அந்தச் செம்மஞ்சள் ஒன்றில்கூடத் தெரியவில்லை. சீண்டினால்தான் விரித்துக் காட்டும்.

வரும் அமாவாசைக்கு மேலே போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள். முதல் படம் அவருக்கு.