வாய்க்கென்று தனி மரபணு கிடையாது

ஆசிரியருக்கு,

வாய்க்காயத்தைத் தழும்பில்லாமல் ஆற்றும் மரபணு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அந்த மரபணு வாயில் மட்டும் இருப்பதுபோலவும், அதைக் களிம்பாக்கித் தோலில் தடவும் நாள் நெருங்கிவிட்டதுபோலவும் அது எண்ண வைக்கிறது. இரண்டும் தவறு.

கன்னத்தின் உட்புறச் செல்லிலும் கைத்தோலின் செல்லிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். எவை இயங்குகின்றன, எவ்வளவு இயங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நலமாக இருந்த தன்னார்வலர்களின் வாயிலும் தோலிலும் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் நாட்களில் திசு எடுத்து ஒப்பிட்டார்கள். காயம் படுவதற்கு முன்பே வாயின் மேற்படலச் செல்களில் சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 ஆகிய மரபணுக்கள் தோலில் இருப்பதைவிட மிகுதியாக இயங்கிக்கொண்டிருந்தன. அதாவது, வாய் காயத்துக்கு எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. தோல் அடிபட்ட பிறகுதான் தொடங்குகிறது. எலியின் தோலில் சாக்ஸ்2-ஐ வலிந்து இயக்கியபோது அங்கும் காயம் விரைவாக மூடியது. கட்டுரை எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி வரியை மட்டும்தான். எலி என்ற சொல்லும் வழியில் விழுந்துவிட்டது!

மரபணு இயக்கத்தை அளக்கும் முறையைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது. பிழை புகும் இடமே அதுதான். வாய்த்திசுவை எடுத்த உடனே காப்புத் திரவத்திலோ திரவ நைட்ரஜனிலோ போட வேண்டும். அளக்கப்படுவது ஆர்.என்.ஏ., அதாவது இயங்கும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல். உமிழ்நீரில் அதைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. துணுக்கு மேசையில் கிடந்தால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிரித்த ஆர்.என்.ஏ.யின் தரக் குறியீடு 10-க்கு 7-க்கும் கீழே இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது. பிறகு பி.சி.ஆர். என்னும் நகல் பெருக்கும் முறையில் ஒவ்வொரு சுழற்சியிலும் நகல்கள் இரட்டிக்கும்; அதனால் ஒரு மரபணு ஒரு சுழற்சி முந்தித் தென்பட்டால் அதன் அளவு ஏறத்தாழ 2 மடங்கு, 3 சுழற்சி முந்தினால் 8 மடங்கு என்று கணக்கு. இந்தக் கணக்குக்கு மாறாத ஒப்பீட்டு மரபணு ஒன்று தேவை. பலரும் வழக்கமாக எடுப்பது ஜி.ஏ.பி.டி.எச். ரத்தக்குழாய் அறுபட்டு ஆக்ஸிஜன் குறைந்த காயத்தில் இதுவே ஏறிவிடும். அளவுகோலே நீண்டுவிட்டால் மற்ற மரபணுக்கள் எல்லாம் தணிந்ததுபோலத் தெரியும். அதே திசுவில் சோதித்துப் பார்த்த இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களாவது வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் செல்களின் கலப்பு. முதல் நாளில் காயத்துக்குள் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. துணுக்கு முழுவதையும் அரைத்து அளந்தால், வந்து சேர்ந்த வெள்ளணுவின் மரபணுவைப் பல் ஈறின் செல்லின் கணக்கில் எழுதிவிடுவோம். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வாசித்தால்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும். இன்னொன்று: தோலில் கெரட்டின் 6, 16 ஆகிய புரதங்கள் காயத்தின் அடையாளம். ஈற்றிலோ அவை காயம் இல்லாதபோதும் இருக்கும். தோலுக்கான அடையாளத்தை வாய்க்கு அப்படியே பொருத்தினால் நல்ல ஈறும் புண்ணாகத்தான் தெரியும்.

வாயில் தழும்பே வராது என்பதும் மிகை. பிளவுற்ற அண்ணத்தைத் தைத்த குழந்தைகளுக்கு மேலண்ணத்தில் உண்டாகும் தழும்பு, மேல்தாடையின் வளர்ச்சியையே தடுப்பதுண்டு. நம் ஊரில் பாக்கும் பாக்குக் கலந்த பொட்டலங்களும் மெல்லுவோருக்கு வரும் வாய்நார் இறுக்கம் இன்னொரு சான்று. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற பொருள்களால் நார்த்திசுவை வளரத் தூண்டும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதத்தின் இயக்கம் கூடி, நார்ச்செல்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் குவிக்கின்றன. பாக்கிலுள்ள செம்பு அந்தக் கொலாஜனைப் பிணைக்கும் நொதிக்குத் துணைபோகிறது. கன்னம் விறைத்து, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் சுருங்கிவிடும். அதே வாய், அதே மரபணுக்கள்.

களிம்பு பற்றி: சாக்ஸ்2 மரபணு தருவது, செல்லின் உட்கருவுக்குள் இருந்து மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம். மேலே தடவினால் அங்கே போய்ச் சேராது. அதன் மரபணுவையே செல்லுக்குள் புகுத்தினாலும், குறித்த நாளில் நிறுத்தத் தெரிய வேண்டும். நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுகள் சிலவற்றில் மிதமிஞ்சி இயங்குவதும் இதே சாக்ஸ்2தான்.

'வாய்ப்புண் தானாகவே ஆறிவிடும், கவலை வேண்டாம்' என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்டித் திசுப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டியது. பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாய் நோயியல் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை