அந்த லேபிளைக் கழுவிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூடிப்போன விஸ்கி ஆலைகளின் வரலாற்றைத் தேடிப் படிப்பவன் நான். அந்த ஆலைகளின் பாட்டில், பீங்கான் ஜாடி, லேபிள், மூடி என்று எது கண்ணில் பட்டாலும் வாங்கிச் சேர்க்கிறேன். மதுரையில் இருந்துகொண்டு இதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று கேட்பவர்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம். நகரத்தார் பர்மா, மலாயா என்று கடல் தாண்டித் தொழில் செய்த காலத்துச் சாமான்கள், எனாமல் தூக்குகளோடும் ரவிவர்மா படங்களோடும் அங்கே இன்னும் விலைக்கு வருகின்றன.

அப்படித்தான் ஒரு கடையில் பழுப்புக் கழுத்துள்ள ஜாடி ஒன்றைப் பார்த்தேன். பாதி கிழிந்த லேபிளில் 'கேம்பல்டவுன்' என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது, ஆலையின் பெயர் அழுக்குக்குள் இருந்தது. கையில் பணம் போதவில்லை, எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு மறுவாரம் போனால், கடைக்காரர் நல்ல மனதோடு அதைச் சோப்புத்தூளில் ஊறப்போட்டு நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். லேபிள் இருந்த இடத்தில் பசைத் தடம்தான் மிச்சம். வாங்கித்தான் வந்தேன், ஆனால் அது எந்த ஆலையுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கேம்பல்டவுன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள சின்ன ஊர். விஸ்கி ஆலைகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய ஆல்ஃபிரட் பார்னார்ட் 1885-இல் போனபோது அங்கே 21 ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 1920-இல் மதுவிலக்கு வந்து சந்தை போனது, அவசரத்தில் காய்ச்சிய சரக்கால் பெயர் கெட்டது, ஆலைகளுக்கு எரிபொருள் தந்த பக்கத்து நிலக்கரிச் சுரங்கமும் 1923-இல் மூடப்பட்டது. 1930-களின் நடுவில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. 1925-இல் மூடிய அந்த ஊர் ஹேசல்பர்ன் ஆலையில், அதற்கு ஐந்து வருடம் முன்பு மசாடாகா டகெட்சுரு என்ற ஜப்பான் இளைஞர் தொழில் பழகி, பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினார். ஜப்பானிய விஸ்கிக்கு அடித்தளமே அந்த நோட்டுதான். ஆலை போனாலும் எழுத்து நின்றுவிட்டது, அதனால்தான் ஒரு லேபிளுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறேன்.

லேபிள் இல்லாத கண்ணாடியும் பேசும். பாட்டிலின் பக்கவாட்டில் அச்சு விட்டுப்போன கோடு வாய்வரைக்கும் ஏறியிருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்த பாட்டில், கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்த பழைய பாட்டில். இந்தப் பாட்டிலை மறுபடி விற்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து இருந்தால் அது அமெரிக்காவில் 1935-க்கும் 1964-க்கும் நடுவில் நடப்பில் இருந்த சட்டத்தின் அடையாளம்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதற்கு முந்தைய கள்ளுக்கடை, சாராயக்கடை ஏல நோட்டீஸ், ரசீது, பிற்பாடு மது வாங்க அனுமதியாக வந்த பெர்மிட் புத்தகம் எல்லாம் குடும்ப மானம் என்று பயந்து எரிக்கப்படுகின்றன, இல்லையென்றால் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகின்றன. தாத்தா சாராயக்கடை ஏலம் எடுத்தார் என்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது, அது அன்றைக்குச் சர்க்கார் நடத்திய ஏலம்தானே!

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்து வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பரணில் இப்படி ஏதாவது இருந்தால் தண்ணீர் படாமல், தூசியைக்கூடத் துடைக்காமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். எனக்கு விற்க வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நாலு பக்கமும் ஒரு போட்டோ மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.