வரி எதன் மேல் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் இணையச் சூதாட்ட வரி 2026 ஏப்ரலில் 21 விழுக்காட்டிலிருந்து 40க்கு ஏறுவதையும், இணையப் பந்தய வரி 2027 ஏப்ரலில் 15லிருந்து 25 ஆவதையும் பற்றிய செய்தியைப் படித்தேன். "சூதாட்டத்துக்குத்தானே, நல்லாப் போடட்டும்" என்றார் என் கணவர். எனக்கு அப்படிச் சொல்லிவிட மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்தத் தொழில்தான் சோறு போட்டது.

அப்பா இங்கே சிங்கப்பூரில், புக்கிட் தீமாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தார். 1999ல் பந்தயத் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது அவரும் கூடவே போனார். சித்தப்பா சென்னை கிண்டியில், உரிமம் பெற்ற ஒரு சின்ன புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்குபவரிடம், கணக்கு எழுதினார். ஒருமுறை இங்கே வந்திருந்தபோது, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டு அந்தக் கணக்கைக் காட்டினார். குதிரையின் பெயர், அதன் விலை (ஜெயித்தால் ரூபாய்க்கு எத்தனை கொடுப்பார்கள் என்பது), வாங்கிய பணம், அது ஜெயித்தால் கொடுக்க வேண்டிய பணம். ஒரே குதிரை மேல் பணம் குவிந்தால் அதன் விலையைக் குறைத்து மற்றவற்றின் விலையை ஏற்றுவார்களாம். "எது முதல்ல வந்தாலும் நூத்துக்கு அஞ்சோ பத்தோ மிஞ்சணும்மா. என் சம்பளம், உரிமக் கட்டணம் எல்லாம் அதுலதான்" என்றார்.

இந்தியாவில் ஜிஎஸ்டி அந்த அஞ்சு, பத்தை விட்டுவிட்டு, கட்டிய நூறு ரூபாயின் மேலேயே விழுந்தது. முதலில் 28 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் 40. பத்து ரூபாய் மிஞ்சுகிற இடத்தில் நாற்பது ரூபாய் வரி என்றால் புக்கி எங்கே போவார்? வாடிக்கையாளர் தலையில்தான் கட்ட வேண்டும். அவரோ, சீட்டும் வரியும் இல்லாமல் கைப்பேசியில் பந்தயம் பிடிக்கிற ஆளிடம் போய்விடுகிறார். 28 இருந்தபோதே சித்தப்பாவின் முதலாளி தொழிலை விட்டார். அப்புறம் சித்தப்பா ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதினார்.

அந்தக் கள்ள ஆள் எப்படிப்பட்டவர் என்று சிங்கப்பூரில் உள்ள நமக்குத் தெரியும். 1968ல் அரசின் பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸைத் தொடங்கியதே கள்ளச் சூதாட்டத்தைத் தடுக்கத்தான். எங்கள் புளோக்கில் ஒருவர் காற்பந்துக்குக் கள்ளப் புக்கியிடம் கட்டிவந்தார். பூல்ஸில் காசு வைத்தால்தான் பந்தயம். அந்த ஆளிடம் எல்லாம் கடன், வாரத்துக்கு ஒருமுறை கணக்கு. மூன்றாவது வாரம் அவர் மனைவி என்னிடம் வந்து, சங்கிலியை எங்கே அடகு வைக்கலாம் என்று கேட்டார்.

பிரிட்டன் இதில் ஏற்கெனவே அடிபட்ட நாடு. 2001 வரை அங்கே கடையில் பந்தயம் கட்டினால் பவுண்டுக்கு 9 பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்கள் பந்தய வரி குறைவான ஜிப்ரால்டருக்குப் போய், அங்கிருந்து தொலைபேசியில் பந்தயம் வாங்கத் தொடங்கின. தெருமுனைக் கடைக்காரரால் அப்படிப் போக முடியுமா? அந்த ஆண்டு அக்டோபரில், கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, அதை எடுத்துவிட்டுக் கடைக்காரர் கையில் மிஞ்சுவதன் மேல் 15 விழுக்காடு என்று மாற்றினார்கள்.

இப்போதைய உயர்வும் மிஞ்சுவதன் மேல்தான். கடைகளுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் 15 அப்படியே இருக்கிறது. சரி, அதை வரவேற்கிறேன். ஆனால் ஒன்றிரண்டு கடை வைத்திருக்கிறவர், வாடிக்கையாளர் கைவிட்டுப் போகாமலிருக்கச் சிறியதாக ஓர் இணையத்தளம் திறந்திருந்தால், அதில் வரும் காற்பந்துப் பந்தயத்துக்குப் பெரிய நிறுவனம் கட்டும் அதே 25ஐத்தான் அவரும் கட்ட வேண்டும். பெரியவர்கள் விளம்பரத்தைக் குறைத்துச் சமாளிப்பார்கள். இவருக்குக் குறைக்க இருப்பது வேலையாள் மட்டுமே. அளவைப் பார்த்து வரி வைக்க முடியாதா என்ன? நம் நாட்டுச் சூதாட்டக்கூடங்களுக்கு 2022 மார்ச்சிலிருந்து அப்படித்தான்: சாதாரண வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் மொத்தச் சூதாட்ட வருமானம் 310 கோடி வெள்ளியைத் தொடும்வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 22.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பந்தய வரி பற்றிச் செய்தி போடும்போது எத்தனை விழுக்காடு என்பதோடு நிறுத்தாமல், கட்டிய பணத்தின் மேலா, மிஞ்சிய பணத்தின் மேலா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்