எழுதுன சாப்ட்வேர டெபியன்ல ஏத்திக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கோத்தகிரியில ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன், மூணு சிஸ்டம், மூணுலயும் டெபியன்தான் ஓடுது, விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம். தமிழுக்கு ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் எழுதுற பிள்ளைங்களுக்கு உங்க பேப்பர் வழியா ஒண்ணு சொல்லணும்.

போன மாசம் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் பழைய கோயில் திருவிழா மலர் ஒண்ண எடுத்துட்டு வந்து டைப் அடிச்சுக் குடுப்பான்னாரு. ஸ்கேன் பண்ணி எழுத்தாக்கிடலாம்னு 'ஏப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர்-டேம்' போட்டேன், டெபியனோட சொந்த சாப்ட்வேர் கிடங்குலருந்து எழுத்தாக்குற சாப்ட்வேர எடுத்துப் போடுற ஒரே வரி, அதுக்கு வேண்டிய லைப்ரரியெல்லாம், அதாவது அது ஓட வேண்டிய துணை ப்ரோக்ராமெல்லாம், தானா கூடவே வந்து ஏறிடுச்சு. அடுத்து பிழை திருத்த யாரோ ஒரு தம்பி எழுதுன ப்ரோக்ராம், அது டெபியன் கிடங்குல இல்ல, ஜிப்பாத்தான் கிடைச்சுது, பைத்தான் ப்ரோக்ராம ஏத்துற பிப் போட்டா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்'னு, சிஸ்டத்துல நேரா ஏத்த விடமாட்டேன்னு எரர், சரின்னு அதுக்குன்னு தனி இடமா வென்வ் போட்டு உக்காந்தா அது கேக்குற லைப்ரரி பழைய வெர்ஷன், பாதி இறங்கையில மழை புடிச்சு எங்கயோ மரம் விழுந்து கேபிள் போச்சு. ரெண்டு சாயங்காலம் வீண். கடைசியில நானே வரி வரியா பாத்துத் திருத்துனேன்.

அந்தத் தம்பிய நான் குறை சொல்லவே மாட்டேன், காசு வாங்காம எழுதிக் குடுத்த பிள்ளை. ஆனா இன்னும் கொஞ்ச தூரம் வந்து, அத டெபியன் பேக்கேஜா கட்டி அந்தக் கிடங்குல ஏத்தியிருந்தா எனக்கும் ஒரே வரியில முடிஞ்சிருக்கும். பேக்கேஜ் கட்ட, ப்ரோக்ராமோட டெபியன்னு ஒரு போல்டர் வைக்கணும், அதுல கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட்னு நாலு பைல்தான் முக்கியம். எதெது கூட வேணும்னு கண்ட்ரோல்ல டிபெண்ட்ஸ்னு எழுதுறோமே, அந்த வரி இருந்தா இந்த அலைச்சலே இல்ல. காப்பிரைட் பைலத்தான் நம்ம ஆளுங்க கண்டுக்கறதே இல்ல, எத்தனையோ தமிழ் பான்ட்டு, அதான் எழுத்துரு, 'ஃப்ரீ'ன்னு போட்டு கிடக்குது, கூட லைசென்ஸ் இருக்காது, அது இல்லாம டெபியன் எப்படி சேத்துக்கும்?

நாடுகாணி தாண்டுனா கேரளா. அங்க சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்காரங்க பண்ணுன பான்ட்டெல்லாம் 'பான்ட்ஸ்-எஸ்எம்சி'ன்னு டெபியன்லயே இருக்கு, 2023ல உலக டெபியன் மாநாடே கொச்சியிலதான் நடந்துச்சு. நம்மளால முடியாதா என்ன? டெபியன்ல ஒரு தடவ ஏறிட்டா உபுண்டு, மின்ட்னு அதுலருந்து எடுக்குறவங்களுக்கும் போய்ச் சேருது. புதுசா வர்றவங்க நேரா ஏத்த முடியாது, டெபியன் டெவலப்பர் ஒருத்தர் பாத்து ஸ்பான்சர் பண்ணணும், அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், அவங்களும் சம்பளமில்லாம பாக்குறவங்கதான். ஊட்டி, குன்னூர் காலேஜ் பசங்க பைனல் இயர் ப்ராஜெக்ட்டா இத எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும், வாத்தியாருங்க கொஞ்சம் மனசு வைக்கணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல என் கடையில கூட்டம் இருக்காது. பேக்கேஜ் கட்டி, அதுல தப்பு இருக்கான்னு சொல்ற லின்டியன் ஓட்டிப் பாக்க சிஸ்டம் வேணும்ங்கிற பசங்க வந்து உக்காரலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி