டிரம்மைத் திறந்ததும் சோதிக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆய்வகத்தில், கலவையில் உள்ள வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி (ஜி.சி.) கருவியோடு பழகுகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருப்பதைக் கண்டுபிடித்தது நம் அரசு ஆய்வகம்தான். அனுமதித்த அளவு 0.1 சதவீதம். சாம்பிள் எடுத்த ஓரிரு நாளில் முடிவு வந்தது பெரிய விஷயம். ஆனால் அதற்குள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சோதனை, மூலப்பொருள் வந்த டிரம்மைத் திறந்ததுமே, மருந்து காய்ச்சும் முன்பே நடந்திருக்க வேண்டாமா?

மருந்தைக் கரைக்கச் சிரப்பில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகாலும் இந்த நஞ்சும் நிறமில்லாமல், பிசுபிசுவென்று, லேசான இனிப்போடு இருக்கும். கண்ணும் மூக்கும் உதவாது. பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் நம்பவும் முடியாது. இரண்டிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருப்பதால் 3300 செ.மீ⁻¹ அலை எண்ணை ஒட்டி ஒரே மாதிரி அகன்ற பட்டை வரும். கலப்படம் சிறிதளவு என்றால் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஜி.சி.யில் அது நடக்காது. புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரியில் கொதிக்கும், மற்றது 245-இல். சூடேற்றிய மெல்லிய குழாய்க்குள் முன்னது முந்தி ஓடிவர, நஞ்சு பின்தங்கி, வரைபடத்தில் தனி முகடாக (பீக்) எழும். ஒப்பிடுவதற்காக ஓட்டும் சுத்தமான நஞ்சின் (ஸ்டாண்டர்டு) பீக்கும் அதே நேரத்தில் வருகிறதா என்று ஒப்பிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஜி.சி. வாங்க வசதியில்லை என்று சிறு நிறுவனங்கள் சொல்லலாம். சரி, சிலிக்கா தகட்டில் ஒரு சொட்டு வைத்து ஓட்டும் டி.எல்.சி. (மென்படல குரோமட்டோகிராபி) இருக்கிறதே! முதல்கட்டச் சோதனைக்கு அதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. சந்தேகம் வரும் சாம்பிளை மட்டும் உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். அதைக் காத்திருக்க வைக்காமல் ஓட்டிக் கொடுங்கள்.

மூலப்பொருளைச் சோதிக்க வேண்டும் என்ற விதி புதிதல்ல. 1972-இல் சென்னையிலேயே இதே நஞ்சுக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்தோம். குறை, விதி தாளோடு நின்றுவிடுவதில்தான். சப்ளையர் தரும் சர்டிபிகேட் விற்றவரே எழுதிய சாட்சி. அதைக் கோப்பில் பார்த்து டிக் அடித்துவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் எடுத்த குரோமட்டோகிராமை (ஜி.சி. வரைபடத்தை) அல்லது தகட்டின் படத்தைத் தேதியோடு கேளுங்கள். அன்றைக்கு ஓட்டிய ஸ்டாண்டர்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத டிரம்முக்கு அங்கேயே சீல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக வேதியியலாளர்