கம்பம் வந்தது, கம்பி எப்போது?

திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையின் மின்மயமாக்கல் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வியாழக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். பட்டுக்கோட்டை ஸ்டேஷன் வாசலில், ஒரு கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்க, ஓர் அம்மாள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் என் சித்தி. மருந்துப் பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவன் நான். இருவரும் முத்துப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தவர்கள். வண்டி பட்டுக்கோட்டையோடு நின்றுவிட்டது. "மேலே வேலை நடக்குது, லைன் பிளாக், இதுக்கு அப்புறம் போகாது" என்றார் இறங்கிப்போன ஒருவர். லைன் பிளாக் என்றால், வேலைக்காகப் பாதையில் ரயிலை நிறுத்திவைப்பது. மேலே என்றதும் நான் அண்ணாந்து பார்த்தேன். நிலா இருந்தது. கம்பி இல்லை.

சித்திக்கு 68 வயது. காரைக்குடியில் கண்புரை ஆபரேஷன் முடிந்து, அன்று செக்கப். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவது என்று திட்டம். பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து காரைக்குடி. மூன்று பஸ், மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். டாக்டர் குனியாதே, குலுங்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரயில் என்றால் ஒரே இருக்கை, ஜன்னல் ஓரம், மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். அதற்காகத்தான் ரயில்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தால் விளக்குகளெல்லாம் பூத்துப்போய்த் தெரியும். பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த பஸ்களின் ஹெட்லைட்டைப் பார்த்து, "தம்பி, எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு, எது நம்ம பஸ்ஸு?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிராம்பட்டினத்தில் ஒரு பையன் இறங்கியபோதுதான் உட்கார இடம் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் அவர் தலையைக் கையால் அணைத்துப் பிடித்திருந்தேன். வீடு சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். அறிவிப்பு ஒட்டித்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், முழுக்க ஆங்கிலத்தில், ஒரு மூலை பிய்ந்து. கடைசி வரியில் சிரமத்துக்கு வருந்துவதாகவும் இருந்தது. ஒரு கண் மூடியிருக்கும் சித்தியால் தமிழில் இருந்தாலும் படித்திருக்க முடியாது, அது வேறு விஷயம். நான் படித்திருப்பேன். செக்கப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருப்பேன்.

சரி, வேலை நடந்தால் பிளாக் எடுக்கத்தான் வேண்டும். 25,000 வோல்ட் கம்பியை ரயில் ஓடும்போதே மாட்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த வேலை எந்தத் தேதியில் முடியும்? ஒரு தேதி சொல்லுங்கள்.

தேதி கேட்டால் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஏற்கெனவே நிறையத் தேதிகளைக் கேட்டவர்கள் நாங்கள். 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, நாட்டில் மிச்சமிருந்த 13,675 கிலோமீட்டர் அகலப் பாதையையும் 2021-22க்குள் மின்மயமாக்க ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் அது 2023 டிசம்பர் ஆயிற்று. நூறு சதவீதம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இப்போது 2024 ஆவணி. திருவாரூர் பக்கமும் கம்பி, காரைக்குடி பக்கமும் கம்பி, நடுவில் சுமார் 150 கிலோமீட்டருக்கு நாங்கள். நூறு சதவீதத்தில் நாங்கள் எந்தப் புள்ளிக்குப் பிறகு வருகிறோம் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் தேவலை.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைனுக்குக் கம்பி வந்து நாலு வருஷமாகிறது. அங்கே வேலை நடந்தபோதும் வண்டி ரத்து, தாமதம் எல்லாம் இருந்தது. ஆனால் முடிந்தது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸை எங்கள் வழியாக விட்டபோது கையெடுத்துக் கும்பிட்டோம். வாரத்துக்கு மூன்று நாள்தான் என்றாலும் அது எங்களுக்குப் பெரிய வண்டி. ஆனால் எங்கள் 150 கிலோமீட்டருக்குக் கம்பி இல்லாததால், வழியில் நிறுத்தி இன்ஜின் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மேலே கம்பி இருக்கும் ஊர்களிலும் டீசலையே எரித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தினசரி வண்டி டெமு. டீசலை எரித்து, அதில் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தில் மோட்டாரைச் சுற்றி ஓடுகிற வண்டி. ஆக, மின்சார ரயில் எங்களுக்கும் உண்டு, புகையோடு.

கம்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சிலவற்றை நட்டுவிட்டீர்கள். நடாதவை தண்டவாளத்தை ஒட்டிப் புல்லில் படுத்திருக்கின்றன. ஒன்றின் மேல் ஆடு மேய்க்கிற பையன் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறான். இன்னொன்றில் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள். அஸ்திவாரக் குழி ஒன்றில் போன மழைத் தண்ணீர் தேங்கித் தவளை கத்துகிறது. வேலை செய்த ஆட்களைச் சில வாரங்களாகக் காணோம். கம்பி கட்ட வந்தவர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை. பிளாக் மட்டும் தவறாமல் எடுக்கிறீர்களே, அப்படியென்றால் எங்கோ வேலை நடக்கத்தானே வேண்டும்?

கம்பம் நடுவதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்தில் நின்ற மின்கம்பத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்த மின்வாரிய ஆட்கள் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். வயல் நடுவே உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறோம், நாங்களே சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். ரயில் கம்பம் வேறு, அளவு வேறு, பாதுகாப்பு விதிகள் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தாமல் செய்வதற்கும் விட்டுவிட்டுச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் எந்தக் கம்பத்துக்கும் ஒன்றுதான்.

எங்கள் லைன் நேற்று வந்ததல்ல. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கு 1894-இல் ரயில் வந்தது. போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து வாங்கிய வரிப் பணம். எங்கள் பூட்டன்மார் கொடுத்தது. பிறகுதான் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. அந்தப் பாதையை அகலமாக்குகிறோம் என்று 2012-இல் வண்டியை நிறுத்தினீர்கள். முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓடியது 2019 ஜூனில். அப்படி ஓடியபோதும் ரயில்வே கேட்டுக்கு ஆள் போடவில்லை. வண்டியிலேயே ஆள் வருவார். கேட்டுக்கு முன் வண்டி நிற்கும். அவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடி. 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். சைக்கிளில் போனவர் கையசைத்துவிட்டு முந்திப் போனார் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. பொறுமையில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்பதைச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

வந்தே பாரத் ரயில்களைப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்து ரசிக்கிறார்கள். அந்தப் படம் எடுக்கிறவரை ஒருநாள் முத்துப்பேட்டைக்கும் அனுப்புங்கள், தவளைக் குழியையும் எடுக்கட்டும்... மன்னிக்க வேண்டும். மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

கேட்பதைச் சுருக்கமாகவே கேட்கிறேன். ஒரு தேதி. முடியும் தேதியை உறுதியாகச் சொல்ல முடியாதென்றால், திருத்துறைப்பூண்டி வரை எப்போது, பட்டுக்கோட்டை வரை எப்போது என்று பிரித்தாவது சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கரும்பலகை, சாக்கட்டி போதும். இத்தனை கம்பம் நட்டாயிற்று, இத்தனை பாக்கி என்று எழுதினால் நாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்வோம். பிளாக் எடுக்கும் நாளைத் தமிழில், மூன்று நாள் முன்னதாக ஒட்டுங்கள். இரவு வண்டியைப் பாதி வழியில் நிறுத்துவதாக இருந்தால், காலையில் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது உங்களுக்கும் கவலை தர வேண்டிய விஷயம். இந்தப் பக்கம் எல்லோர் வீட்டிலும் தேங்காய் பறிக்கத் துறட்டி உண்டு. தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டித்தான் தோப்புக்குப் போவார்கள். அறுவடை முடிந்தால் வைக்கோல் லாரிகள் மலைபோல் ஏற்றிக்கொண்டு கேட்டைக் கடக்கும். கம்பியில் மின்சாரம் விடும் நாளைச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் இவர்கள் யாருக்கும் தெரியாது. கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே ஆபத்து என்பதை ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். அதற்கும் முதலில் ஒரு தேதி வேண்டுமல்லவா?

சித்தியின் அடுத்த செக்கப் வரும் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. ரயிலில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அன்று பிளாக் இருக்கிறதா என்பதைத் தயவுசெய்து செவ்வாய்க்கிழமைக்குள் தெரியப்படுத்துங்கள். டாக்டரிடம் நாள் மாற்ற இரண்டு நாளாவது வேண்டும்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பயணி