பிரிட்டன் கார் திட்டம்: காப்பீட்டு விண்ணப்பத்தில் எங்கள் பெயரில் பொய் எழுதியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
திட்ட வாடிக்கையாளர்கள்,
அல்சூர், இந்திராநகர், பானசவாடி,
பெங்களூரு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வெளிநாட்டு வாகன உதவி நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: பிரிட்டனில் குடியிருப்பு இல்லாத பெற்றோர் பெயரில் கார் பதிவு செய்து, தவறான தகவல் கொடுத்துக் காப்பீடு எடுத்தது, பணத்தைத் திருப்பித் தரவும் ஆவணங்களைத் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் போய்வரும் பெற்றோர் நாங்கள். "அப்பா பெயரில் கார் வாங்குங்கள், பிள்ளை ஓட்டட்டும், பிரீமியம் பாதிதான்" என்று சொல்லி நீங்கள் விற்ற திட்டத்தில் பணம் கட்டியிருக்கிறோம். கார்களின் மேல் எங்களுக்குக் குறை இல்லை. பதிவும் முறையாகவே நடந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எங்கள் பெயரில் நீங்கள் கொடுத்த பதில்கள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

காப்பீட்டுச் சான்றிதழை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். அதோடு வரவேண்டிய 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்', அதாவது விண்ணப்பதாரர் சொன்ன விவரங்களின் தாள், எங்களில் யாருக்கும் வரவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டு வாங்கிப் படித்தோம். எங்களில் ஒருவருடைய தாளில், "பிரிட்டனில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு "பிறந்ததிலிருந்து" என்று பதில். ஆளோ பானசவாடியில் வீடு கட்டிக் குடியிருப்பவர். லைசென்ஸ் வகை: முழு பிரிட்டிஷ் லைசென்ஸ். கையில் இருப்பது இந்திராநகர் ஆர்.டி.ஓ. கொடுத்த கேஏ 03 கார்டு. இரவில் கார் நிற்கும் இடத்துக்கு ஒரு போஸ்ட்கோடு, வி5சி பதிவுச் சான்றில் வேறொரு போஸ்ட்கோடு. பெயரையும் விட்டுவைக்கவில்லை. லைசென்ஸில் இனிஷியலோடு ஒரு விதம், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து இன்னொரு விதம். பாலிசியில் நீங்களாக மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். விபத்து நடந்த பிறகு இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் போய் நிரூபிப்பது?

எல்லாவற்றையும்விடப் பெரியது, முதன்மை ஓட்டுநர் யார் என்ற கேள்வி. தினமும் ஓட்டுபவன் இருபது வயசு தாண்டிய மாணவன். படிவத்தில் முதன்மை ஓட்டுநர் ஓய்வு பெற்ற அப்பா. மகன் கூடுதல் ஓட்டுநர். அப்பா ஊர் திரும்பிய பிறகும் அப்படியே. இதற்கு அங்கே 'ஃப்ரன்டிங்' என்று பெயர். காப்பீட்டு நிறுவனங்கள் இதை மோசடியாகவே பார்க்கின்றன. அந்தப் "பாதிப் பிரீமியம்" எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது.

உங்கள் கையேட்டை எழுதியவர் இந்திய வழக்கத்தை அப்படியே அங்கே பொருத்திவிட்டார் என்று தோன்றுகிறது. நம் ஊரில் காப்பீடு பெரும்பாலும் வண்டியைச் சார்ந்தது. பழைய கார் கைமாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி பாலிசியும் வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். அவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் விற்றவரின் பாலிசி வாங்குபவருக்கு வராது. பொதுவாகப் பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் ஓட்டலாம். வயது, லைசென்ஸ் எந்த நாட்டுடையது, எத்தனை வருடம் குடியிருப்பு, கார் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் விலை. இந்தியாவில் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடியை, பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் குடியிருப்பு இல்லாதவருக்குப் பதிவு சுலபம், காப்பீடுதான் கஷ்டம். நீங்கள் விற்றது நேர்த் தலைகீழாக.

இதன் விளைவு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 2012-இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டத்தின்படி, தெரிந்தே தவறான தகவல் கொடுத்திருந்தால் நிறுவனம் பாலிசியை ஆரம்பத்திலிருந்தே இல்லாததாக்கலாம், கிளெய்மை மறுக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. கவனக்குறைவு என்று கருதினால், சரியான பிரீமியத்தில் எத்தனை பங்கு கட்டியிருக்கிறோமோ அத்தனை பங்குதான் கிளெய்ம். உதாரணத்துக்கு, 2,000 பவுண்ட் வந்திருக்க வேண்டிய இடத்தில் 800 கட்டியிருந்தால், 10,000 பவுண்ட் சேதத்துக்குக் கிடைப்பது 4,000. எதிராளிக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியதை நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு நம்மிடம் வசூலிக்க வரலாம். உடல் காயத்துக்கு அங்கே மூன்றாம் நபர் பொறுப்புக்கு உச்ச வரம்பே கிடையாது. எங்களுக்காகச் செயல்பட்ட ஏஜென்ட் கொடுத்த பதில் எங்கள் பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். "ஃபார்ம் நிரப்பியது எங்கள் ஆபீஸ் பையன்தான், சிஸ்டத்தில் தானாக வந்த விடை" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னது அங்கே எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

பாலிசி இல்லாமல் ஓட்டியதாகக் கருதப்பட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகள். வழக்கு நீதிமன்றம் போனால் இன்னும் கூடும். காரையும் போலீஸ் எடுத்துப்போகலாம். அப்படிப் போன காரை மீட்கக் குறுகிய காலப் பாலிசிகளில் பல செல்லாது. ஒருமுறை நிறுவனம் பாலிசியை ரத்து செய்துவிட்டால், அடுத்து எங்கே விண்ணப்பித்தாலும் "இதற்கு முன் ரத்தானதுண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். வாழ்க்கையை இப்போதுதான் தொடங்கும் பிள்ளைகளின் தலையில் இதைக் கட்டியிருக்கிறீர்கள்.

மகனின் லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். இந்திய லைசென்ஸோடு விசிட்டர் 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அங்கே குடியிருப்பவராகிவிட்ட ஒருவருக்கு, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான். அதற்குள் அங்கேயே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. "ஊருக்கு வரும்போது சர்வதேச பர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்" என்று உங்கள் கையேடு சொல்வது தவறு.

பதிவுக்கு வருவோம். 'ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம்' என்று ஒரு தொகையைத் தனியாக வாங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே பதிவான கார் கைமாறும்போது கீப்பர் (காருக்குப் பொறுப்பாளராகப் பதிவாகும் நபர்) பெயரை மாற்ற, அங்குள்ள வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. விற்பவரே ஆன்லைனில் முடித்து, வி5சியின் பச்சைத் துண்டைக் கையில் கொடுத்துவிடுவார். அதில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து அன்றைக்கே வாகன வரி கட்டலாம். புதிய வி5சி தபாலில் வரும். அதற்குத்தான் பிரிட்டன் முகவரி ஒன்று வேண்டும். குடியுரிமையோ விசா வகையோ கேட்பதில்லை. வி5சி என்பது கார் யாருக்குச் சொந்தம் என்பதற்கான அத்தாட்சி இல்லை என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் "சொந்தப் பத்திரம் தயார்" என்று எங்களுக்கு மெசேஜ் அனுப்பினீர்கள். விற்றவரின் ரசீதைக் கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

வரி 2014 அக்டோபர் 1 முதல் காரோடு கைமாறுவதில்லை. மாதத்தின் 28-ஆம் தேதி வாங்கினாலும் அந்த மாதம் முழுவதற்கும் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் வாங்க வைத்ததால் ஒரு மாத வரி வீணானது. சின்னத் தொகைதான், பரவாயில்லை.

பரவாயில்லை என்று விட முடியாதது இது: "பெற்றோர் இந்தியா திரும்பும்போது காப்பீட்டை நிறுத்திவிடலாம், பணம் மிச்சம்" என்ற உங்கள் ஆலோசனை. அங்கே கார் ஓடாமல் நின்றாலும் காப்பீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் கார் சாலையில் ஓடாது என்ற 'சார்ன்' அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கீப்பர் பெயருக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும், பிறகு 100 பவுண்ட் அபராதம். சார்ன் கொடுக்கக் கட்டணம் இல்லை; மீதி முழு மாதங்களின் வரியும் திரும்பக் கிடைக்கும். ஆனால் சார்ன் கொடுத்த கார் பொதுத் தெருவில் நிற்கக்கூடாது, தனியார் இடத்தில்தான் நிற்க வேண்டும். மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் பலவற்றுக்குத் தெருதான் பார்க்கிங். கீப்பர் பெங்களூருவில், கடிதம் அங்கே ஒரு வாடகை வீட்டில். பையன் வீடு மாறினால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

நேர்மையாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. மகன்தான் தினமும் ஓட்டுகிறான் என்றால் அவனே கீப்பர், அவனே முதன்மை ஓட்டுநர்; பெற்றோர் வரும் காலத்துக்கு மட்டும் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாம், அல்லது வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கும் குறுகிய காலப் பாலிசி எடுக்கலாம். பிரீமியம் அதிகம்தான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்திருப்போம்.

இன்னொன்று. பிரிட்டனில் காப்பீட்டை விற்கவோ ஏற்பாடு செய்யவோ, அங்குள்ள நிதிச் சேவைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.வின் அனுமதியோ விலக்கோ வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு ஒரு பதிவு எண் இருக்கும், யாரும் ஆன்லைனில் பார்க்கலாம். உங்கள் எண்ணைக் கேட்டோம், பெங்களூரு ஜி.எஸ்.டி. எண்ணை அனுப்பினீர்கள். அனுமதி இல்லாமல் விவரங்களைத் திருத்திப் பாலிசி வாங்கித் தருபவர்களை அங்கே 'கோஸ்ட் புரோக்கர்' என்பார்கள். நீங்கள் அந்த வகை இல்லை என்றால், எந்தப் புரோக்கர் வழியாக எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கைகள்: சேவைக் கட்டணமும் 'ரெஜிஸ்ட்ரேஷன்' கட்டணமும் முழுமையாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு பாலிசிக்கும் நீங்கள் அனுப்பிய விண்ணப்ப விவரம், புரோக்கர் பெயர், எஃப்.சி.ஏ. எண், பிரீமியம் ரசீது, விற்றவரின் ரசீது வேண்டும். பொய்யான பதில்களைக் கொடுத்தது உங்கள் நிறுவனம் என்று ஒரு கடிதம் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் திருத்தம் கேட்கும்போது எங்கள் பிள்ளைகள் அதைக் காட்ட வேண்டியிருக்கும். திருத்தியதால் கூடும் பிரீமியத்தை எங்களிடம் கேட்காதீர்கள். நீங்களாக எந்தப் பாலிசியையும் ரத்து செய்யவும் வேண்டாம். மாற்றுப் பாலிசி தொடங்குவதற்கு முன் பழையது போனால், இடையில் காப்பீடில்லாத கார் தெருவில் நிற்கும். இந்தத் திட்டத்தைப் புதிதாக யாருக்கும் விற்பதை உடனே நிறுத்துங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்று பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வோம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் இல்லை. அதே தாள்களின் நகல் பிரிட்டனில் எஃப்.சி.ஏ.வுக்கும் போகும்.

இப்படிக்கு,
திட்ட வாடிக்கையாளர்கள்,
பெங்களூரு.